ஒன்பதாம் அத்தியாயத்துச் சண்டை

கோலார் தங்கவயல்
1899 பிப்ரவரி 12

அன்புள்ள கொர்னேலியஸ் அண்ணனுக்குத் தங்கை லூயிசா வந்தனம் சொல்லி எழுதுவது. கர்த்தருடைய தயவால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்க்கிறீர்களா, இல்லை என்னிடம் சொல்வதற்காக மட்டும் சொல்கிறீர்களா?

உங்கள் மகன் பத்திரமாக வந்து சேர்ந்தான். மாரிக்குப்பம் ஸ்டேஷனில் இறங்கும்போது முகமெல்லாம் ரயில் கரி, கையில் நீங்கள் வாங்கிக்கொடுத்த அகராதி. பெட்டியை, லைன் என்று இங்கே சொல்லும் சுரங்க ஆட்கள் வீட்டு வரிசையில் எங்கள் அடுத்த வீட்டுத் தசரதன் தூக்கிவந்தார். சுரங்கத்துக்குள் கூரை இறங்காதபடி மரம் முட்டுக் கொடுக்கிறவர் அவர். அவரே இரண்டு இடத்தில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினார். பெட்டியில் என்ன கல்லா, அண்ணா? பதினோரு வயதுப் பிள்ளைக்கு அத்தனை புத்தகம் எதற்கு?

எங்கள் மிஷன் பள்ளிக்கூடம் தகரக் கொட்டகைதான். மணிக்குப் பதில் வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் குழி வாயிலும் அதே மாதிரித் துண்டுதான், சத்தமும் ஒன்றுதான். அதனால் பள்ளிக்கூடத்துக்கு நிதானமாக மூன்று அடி, அதற்கு மேல் கூடாது. நிறுத்தாமல் அடித்தால் உள்ளே விபத்து என்று அர்த்தம். வந்த அன்றே ஜெயகரனிடம் சொல்லிவைத்தேன். சரி என்று தலையை ஆட்டினான்.

அவனைப் பற்றிக் கவலை வேண்டாம். என் வீட்டுக்காரர் கர்த்தரிடம் போன பிறகு இந்த வீட்டில் இரண்டு தட்டு வைத்துச் சாப்பிட்டு நாலு வருஷம் ஆகிறது. இப்போது மறுபடியும் வைக்கிறேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

உங்கள் பிரியமுள்ள தங்கை,
லூயிசா


வேலூர்
1899 மார்ச் 5

அருமைத் தங்கை லூயிசாவுக்கு,

உன் கடிதம் கண்டேன். மூட்டு வலிக்கும் எனக்கும் ஏறக்குறைய சமாதானம் ஆகிவிட்டது. இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. அந்த ஊர்த் தூசு உன் மார்புக்கு ஒத்துக்கொள்கிறதா?

பெட்டியில் இருப்பது கல் அல்ல. இலக்கணம், பூகோளம், இங்கிலீஷ் வாசகம். தினம் ஒரு மணி நேரம் படிக்கச் சொல்.

நான் மொழிபெயர்த்துவரும் இங்கிலீஷ் பள்ளிக்கூடக் கதையில் முதல் ஒன்பது அத்தியாயங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பகலெல்லாம் அச்சாபீஸில் பிழை திருத்திவிட்டு மிச்ச நேரத்தில் செய்தது. நம் சிறுவர் பத்திரிகையில் வருவதற்கு முன் பிள்ளைகள் காதில் எப்படி விழுகிறது என்று தெரிய வேண்டும். வகுப்பில் வாசித்துவிட்டு எழுது.

ஒன்பதாம் அத்தியாயம்தான் கதைக்கு உயிர். எட்வின் என்ற புதுப் பையன், எல்லாரையும் மிரட்டும் கிராண்ட் என்பவனோடு மைதானத்தில் சண்டை போடுகிறான். அதுவல்லவா சண்டை! வெறும் முஷ்டிதான். விழுந்தவனை அடிக்கக் கூடாது. இடுப்புக்குக் கீழே கூடாது. வாயைத் துடைத்துவிட ஆளுக்கொரு துணைவன். சுற்றுக்குச் சுற்று மணி. முடிந்ததும் கை குலுக்குகிறார்கள். அன்றிலிருந்து இருவரும் உயிர்ச் சிநேகிதர்கள். நம் பிள்ளைகளின் சண்டை உனக்குத் தெரியாததல்ல. மண்ணை வாரி இறைப்பது, குடுமியைப் பிடிப்பது, அப்பன் பெயரை இழுப்பது, அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடுவது. பத்திரிகை நடத்தும் பாதிரியார் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார். நான் விடவில்லை.

ஜெயகரனுக்குச் சிநேகிதர் யாராவது கிடைத்தார்களா? இதற்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் எழுது. அங்கே ஒட்டவில்லையென்றால் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு போர்டிங்கில் செப்டம்பரில் இடம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம், கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு அனுப்புவார்கள். நல்ல கட்டுப்பாடு என்று கேள்வி.

அவனுடைய தாயாரைப் பற்றி அவனிடம் பேச்செடுக்காதே. மறந்துவருகிறான் என்று நினைக்கிறேன்.

உன் அண்ணன்,
கொர்னேலியஸ்


கோலார் தங்கவயல்
1899 ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணனுக்கு லூயிசாவின் வந்தனம். இருவரும் சுகம். தூசு என் மார்பை விட்டுவிட்டுக் கண்ணுக்கு வந்திருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை.

ஈஸ்டருக்கு வருவீர்கள் என்று கோழி வாங்கி வைத்தேன். நீங்கள் வரவில்லை. கோழி இப்போது முட்டை போடுகிறது.

கதையில் மூன்று அத்தியாயம் வாசித்தாயிற்று. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள். எட்வின் பனியில் தனியாகப் பள்ளிக்கூடம் வந்து சேருகிற இடத்தில் தசரதன் மகன் கோவிந்தன் எழுந்து நின்றான்.

“டீச்சரம்மா, அவுங்க அம்மா எங்க?”

தூர ஊரில் என்றேன்.

“அந்தக் கிராண்ட் அம்மா?”

அவளும் தூரத்தில்தான்.

“அப்ப அத்தினி பசங்களுக்கும் சோறு யாரு போடறா?”

சமையல்காரர் என்றேன். கோவிந்தன் உட்கார்ந்துகொண்டு பக்கத்துப் பையனிடம், “அத்தொட்டுதான் அவனுங்க அப்பிடிக் கீறானுங்க” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு மேல் அன்றைக்கு வாசிக்க முடியவில்லை. நானும் தேடிப் பார்த்துவிட்டேன் அண்ணா, உங்கள் ஒன்பது அத்தியாயத்திலும் ஒரு அம்மாகூட முகம் காட்டவில்லை.

ஜெயகரன் நன்றாகச் சாப்பிடுகிறான். அரை அங்குலம் வளர்ந்திருப்பான். கன்னடத்தில் பத்து வரை எண்ணுகிறான். இலக்கணம் தினம் ஒரு மணி நேரம் நடக்கிறது.

அன்புடன்,
லூயிசா


வேலூர்
1899 மே 14

அருமை லூயிசாவுக்கு,

இங்கே சுகம். கண்ணுக்கு இளநீர் விடு.

சோறு, உயரம், கன்னடம், கோழி எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய். நான் கேட்டது ஒன்றுதான். அதற்கு மட்டும் பதில் இல்லை. நான் பிழை திருத்துகிறவன். என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட என்ன விட்டுப்போயிற்று என்பதுதான் என் கண்ணில் முதலில் படும்.

அம்மாக்களைப் பற்றி: அது போர்டிங் பள்ளிக்கூடம். அம்மா வந்து நின்றால் அங்கே சண்டை ஏது, கதை ஏது? கோவிந்தன் என்ற பையனுக்கு அதை விளக்கிச் சொல்.

பாளையங்கோட்டைக்கு ஆகஸ்டு முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். பையன் எனக்கு எழுதும் கடிதங்களில் இலக்கணப் பிழை இல்லை. வேறொன்றும் இல்லை.

கொர்னேலியஸ்


கோலார் தங்கவயல்
1899 ஜூன் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

வந்தனம். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: இல்லை. ஒரு சிநேகிதன்கூட இல்லை. எழுதினால் பாளையங்கோட்டைக்கு அனுப்பிவிடுவீர்கள் என்றுதான் எழுதவில்லை. மத்தியானம் எல்லாரும் வெளியே கத்திக்கொண்டிருக்கும்போது இவன் அகராதியை வைத்துக்கொண்டு கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். யாரும் அடிப்பதில்லை, கிண்டல் செய்வதுகூட இல்லை. அதற்குக் காரணம் கோவிந்தன் அம்மா பார்வதம்மா. இவன் வந்த அன்றைக்கே லைன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, “தாயில்லாக் கொயந்தை. எவனாச்சும் மேல கை வெச்சீங்க, தோல உரிச்சுடுவேன்” என்று சொல்லிவிட்டாள். அவள் நல்ல மனசோடு சொன்னாள். பிள்ளைகள் இவனைக் கண்ணாடிப் பாத்திரம் போல ஒதுக்கி வைத்துவிட்டார்கள். உடைந்துபோனால் உதை விழுமே என்று பயம்.

ஒன்பதாம் அத்தியாயம் வாசித்தேன். மூன்று தரம் வாசிக்க வைத்தார்கள். கடைசியில் கை குலுக்கும் இடத்தில் ஜெயகரன் கையைத் தூக்கினான். வந்த நாள் முதல் அவன் வகுப்பில் கை தூக்கியது அதுதான் முதல் தரம். டீச்சரம்மா என்பதற்குப் பதில், “அத்தை, சண்டை போட்டால்தான் சிநேகிதர் ஆக முடியுமா?” என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பா எழுதியிருக்கிற கதையில் அப்படித்தான் இருக்கிறது என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

அண்ணா, அவனை அனுப்பாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

லூயிசா


கோலார் தங்கவயல்
1899 ஜூலை 16

மரியாதைக்குரிய அப்பா அவர்களுக்கு மகன் ஜெயகரன் வந்தனத்துடன் எழுதிக்கொள்வது. நான் சுகம். தங்கள் சுகத்தை அறிய ஆவல். என் மூக்கும் இப்போது சுகம்.

போன சனிக்கிழமை நானும் கோவிந்தனும் ஒன்பதாம் அத்தியாயத்தின்படி சண்டை போட்டோம். முதலில் நான் அவனிடம் போய்ச் சண்டைக்கு வருகிறாயா என்று மரியாதையாகக் கேட்டேன். அவன் “இன்னாத்துக்கு?” என்றான். சிநேகிதர் ஆவதற்கு என்றேன். “அதுக்கு இன்னாத்துக்குடா சண்டை? வா, கோலி ஆடலாம்” என்றான். ஆனால் எட்வின் கோலி ஆடவில்லை. ஆகையால் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு அவனைக் கோபப்படுத்துவதற்காக, உன் அப்பா மரம் தூக்குகிறவர் என்று சொன்னேன். அவன் “ஆமா” என்றான். உன் தலை சப்பை என்றேன். அதற்கும் ஆமா என்றான். உன் அம்மாவுக்குப் பயந்தவன் என்றேன். அதற்குக் கோபம் வந்துவிட்டது.

அத்தை ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். நாங்கள் வேப்பமரத்தடியில் சாம்பலால் வட்டம் போட்டோம். மணி அடிப்பதற்குத் துரை என்ற பையனை வைத்தோம். சுற்றுக்கு ஒரு அடி, மெதுவாக அடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். மூன்று சுற்று வரை எல்லாம் சரியாக நடந்தது. இடுப்புக்குக் கீழே ஒருவரும் அடிக்கவில்லை. நாலாம் சுற்றில் என் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. கோவிந்தன் உதடும் கிழிந்தது. துரை பயந்துபோய், எங்களை நிறுத்தச் சொல்லித் தண்டவாளத்தை அடித்தான். நாங்கள் நிறுத்தவில்லை. அவனும் நிறுத்தவில்லை.

அதன் பிறகு எல்லா அம்மாக்களும் வந்துவிட்டார்கள். அது தங்கள் கதையில் இல்லை. கை குலுக்க நேரம் கிடைக்கவில்லை. மீதியை அத்தை எழுதுவார்கள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகன்,
ஜெயகரன்


வேலூர்
1899 ஜூலை 30

லூயிசாவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். ஒன்றரை மாதமாக உன் கையெழுத்தைக் காணோம். என் மகன் கையெழுத்து வந்தது. அதன் பின்னாலேயே உங்கள் ஊர்ப் பாதிரியார் கையெழுத்தும் வந்தது.

அவர் எழுதுவது இது. லைனில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் மாரில் அடித்துக்கொண்டு ஷாஃப்டுக்கு ஓடினார்கள். எஞ்சின்காரர் சத்தம் கேட்டு, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டை நடுவழியில் நிறுத்திவிட்டார். ஆட்கள் இருட்டில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி துரைகள் விளக்கம் கேட்கிறார்கள். பையனை வேறு இடத்துக்கு அனுப்புவது நல்லது என்பது பாதிரியார் எண்ணம். முடிவை என்னிடம் விட்டிருக்கிறார். அவன் என் மகன், லூயிசா! நான் அவனுக்குச் சண்டையா கற்றுக்கொடுத்தேன்?

நான் எழுதியது கதை. அதைக் கதையாகப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது டீச்சருடைய வேலை.

பாளையங்கோட்டைக்குச் சம்மதம் எழுதிவிட்டேன். செப்டம்பர் 9, சனிக்கிழமை, பங்காருபேட்டை ஸ்டேஷனில் காத்திருப்பேன். மத்தியான மதராஸ் ரயிலில் அவனை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பெட்டியோடு அனுப்பிவை.

கொர்னேலியஸ்


கோலார் தங்கவயல்
1899 ஆகஸ்டு 13

அன்புள்ள அண்ணனுக்கு வந்தனம். சுகம்.

கோபம் நியாயம்தான். பாதிரியார் என்னையும் கூப்பிட்டுக் கேட்டார், பதில் சொன்னேன். உங்களுக்கு எழுத உட்காருவேன், கை ஓடாது. நேற்று பார்வதம்மா வந்து, “நீ எழுத மாட்டே, நான் சொல்றேன், எழுது” என்று எதிரே உட்கார்ந்துகொண்டாள். அவள் சொன்னதை அப்படியே கீழே எழுதியிருக்கிறேன். பிழை திருத்தாமல் படியுங்கள்.

வாத்தியாரே, நான் கோவிந்தன் அம்மா பார்வதம்மா. நீங்க நல்லா கீறீங்களா? இங்க மழை இல்ல, மத்தபடி நல்லா கீறோம். அன்னிக்கு அடுப்பாண்ட களி கிண்டிக்கினு இருந்தேன். தண்டவாளம் அடிக்குது. நிக்கவேயில்ல. எங்க ஊட்டுக்காரரு பகல் ஷிப்ட்டு, உள்ள கீறாரு. துடுப்பு கையோட ஓடினேன். லைன் பொம்பளைங்க அத்தினி பேரும் ஓடினோம். ஷாஃப்ட்டாண்ட போனா, அங்க யாரும் அடிக்கல. சத்தம் பள்ளிக்கூடத்துலேர்ந்து வருது. அங்க ஓடினா ரெண்டு பசங்க, மூஞ்சியெல்லாம் ரத்தம், சட்டையக் கியிச்சுக்கினு எதிரெதிர நிக்கறானுங்க. எனக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சு வாத்தியாரே. என் கல்யாணத்தன்னிக்கும் அவ்ளோ சந்தோசம் இல்ல. அந்தச் சந்தோசத்துல ரெண்டு பேரையும் துடுப்பாலயே வெளுத்தேன். என் புள்ள, உங்க புள்ளன்னு பாக்கல. அதுக்கு நீங்க கோவிச்சுக்கக் கூடாது.

என் புள்ள ஓடிப்பூட்டான். உங்க புள்ள ஓடல. சுத்திலும் பொம்பளைங்க அயுவறதும் சிரிக்கறதுமா கீறாங்க. அவன் என்னையப் பாத்து, “யாரு செத்தாங்க?”ன்னு கேட்டான். “யாரும் சாவலடா, எல்லாரும் நல்லா கீறாங்க”ன்னேன். அப்ப சொல்றான், “எங்க அம்மாவுக்கு யாரும் ஓடல. எனக்கு யாரும் மணி அடிக்கல. நான் ஸ்கூல் விட்டு வந்தேன், வீடு பூட்டியிருந்துச்சு”ன்னு. சொல்லிட்டு என் இடுப்பக் கட்டிக்கினு அயுதான் பாருங்க. இருட்டற வரைக்கும் அயுதான். களி தீஞ்சுபோச்சு. தீயட்டும்.

மறுநாளு என் புள்ளையே ஊட்டாண்ட வந்து அவனக் கூப்புட்டான். இப்ப ரெண்டும் ஒண்ணாத்தான் சுத்துதுங்க. நானும் தோல உரிப்பேன்னு சொன்னத வாபஸ் வாங்கிட்டேன். உங்க புள்ள, நீங்க எங்க வேணா இட்டுக்கினு போங்க. ஆனா அயுதா கட்டிக்க ஒரு இடுப்பு கீற ஊராப் பாத்து அனுப்புங்க.

இதற்கு மேல் நான் எழுத ஒன்றுமில்லை அண்ணா.

லூயிசா


வேலூர்
1899 ஆகஸ்டு 20

லூயிசாவுக்கு,

சுகம். பார்வதம்மாளுக்கு என் வந்தனம் சொல். அடித்ததற்குக் கோபமில்லை.

தேதியில் மாற்றமில்லை.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். பூட்டியிருந்த வீட்டைப் பற்றிச் சொன்னது அவன்தானா, அந்த அம்மாள் சேர்த்துச் சொன்னதா? அன்றைக்கு அவனை அழைத்துவரப் பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பினேன். ஆள் வேறு தெரு வழியாகப் போயிருக்கிறான், பையன் வேறு தெரு வழியாக வந்திருக்கிறான். வாந்திபேதிச் சாவு. உடலை ஒரு மணி நேரம் வைத்திருக்கக்கூட முனிசிபல்காரர்கள் விடவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியும்.

கொர்னேலியஸ்


கோலார் தங்கவயல்
1899 ஆகஸ்டு 27

அன்புள்ள அண்ணனுக்கு வந்தனம்.

அவன்தான் சொன்னான். நானே காதால் கேட்டேன். ஜெபக் கூட்டத்திலிருந்து நானும் ஓடித்தானே வந்தேன்.

எனக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் அவனுக்குத் தெரியாது. நீங்கள் இதுவரை ஒரு வார்த்தை அவனிடம் சொல்லவில்லை. என்னையும் பேச்செடுக்க வேண்டாம் என்றீர்கள். அவன் மறக்கவில்லை அண்ணா, நீங்களும் மறக்கவில்லை. காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பகல் வழி; ஆறு மாதமாக நீங்கள் இந்தப் பக்கம் வரவில்லை. மூட்டு வலி என்று நான் நம்பவில்லை. அவன் அம்மாவின் கடைசி நாளைப் பற்றி ஒரு கேள்வி வைத்திருக்கிறான். அது உங்களுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். என்னிடம் கேட்டான். அப்பாவைக் கேள் என்று சொல்லிவிட்டேன். பாளையங்கோட்டை தூரம்தான், ஆனால் அந்தக் கேள்விக்கு அது போதாது.

சின்னவள் பேசுகிற பேச்சா இது என்று கோபம் வரும். வரட்டும்.

சனிக்கிழமை தசரதனுக்கு வேலையில்லை. அவர் கோவிந்தனையும் கூட்டிக்கொண்டு ஜெயகரனைப் பங்காருபேட்டையில் கொண்டுவந்து விடுவார். நான் வரமாட்டேன். ரயில் அவனைக் கொண்டுபோவதைப் பார்க்க என்னால் ஆகாது.

லூயிசா


பங்காருபேட்டை ஸ்டேஷன்
1899 செப்டம்பர் 9, சாயங்காலம்

அருமைத் தங்கை லூயிசாவுக்கு,

இந்தக் காகிதத்தை உன் கையில் கொடுப்பவன் ஜெயகரன். ஆகையால் நான் என்ன முடிவு செய்தேன் என்பதைப் படித்துத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. பென்சில் எழுத்துக்கு மன்னிக்கவும். ஸ்டேஷன் மாஸ்டரிடம் இரவல் வாங்கியது.

அவனைக் கண்டதும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கறுத்திருக்கிறான், மூக்குக்கு மேல் ஒரு தழும்பு. என்னைப் பார்த்ததும் எட்ட நின்று கும்பிட்டான், ஏதோ இன்ஸ்பெக்டரைக் கும்பிடுவது போல. கோவிந்தன்தான் நேரே என்னிடம் வந்தான். “எப்பத் திருப்பி இட்டுக்கினு வருவீங்க?” என்றான். கிறிஸ்துமஸுக்கு என்றேன். “இந்தக் கிறிஸ்துமஸா?” என்றான். நான் குனிந்து பெட்டியின் பூட்டைச் சரிபார்த்தேன். தசரதன் பெரிய மனிதர். வேர்க்கடலை வாங்கப் போகிறோம் என்று மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் இருவரும் பெட்டியின் மேல் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் இலக்கணத்தைப் பற்றி விசாரித்தேன். பதில் சொன்னான். பிறகு அவன் என்னைக் கேட்டான்.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன்னிடமும் சொல்லாததைச் சொன்னேன். அது எனக்கும் அவனுக்கும் இருக்கட்டும்.

மதராஸ் ரயில் வந்தபோது நாங்கள் இருவரும் பிளாட்பாரக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தோம். அது நின்றது, ஊதியது, புறப்பட்டுப் போனது. அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். ஒருவரும் பெட்டியைத் தூக்கவில்லை. அதன் பிறகு பசித்தது பார், அப்படி ஒரு பசி! என் மகன் ஒன்பது இட்லி தின்றான், லூயிசா. நான் ஏழோடு நிறுத்திக்கொண்டேன்.

பாதிரியாருக்கும் கம்பெனிக்கும் மன்னிப்புக் கேட்டு நானே எழுதுகிறேன். பாளையங்கோட்டைக்கும் எழுதிவிடுகிறேன். மாதத்தில் முதல் சனிக்கிழமை தவறாமல் வருவேன். எனக்குக் கோழி வேண்டாம், முட்டை போதும். ஒன்பதாம் அத்தியாயம் பத்திரிகையில் வரட்டும், ஆனால் கிராண்டினுடைய அம்மாவை எங்கேயாவது நுழைக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

உங்கள் ஊர் ரயிலுக்கு மணி அடித்துவிட்டார்கள்.

உன் அண்ணன்,
கொர்னேலியஸ்


கோலார் தங்கவயல்
1899 செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணனுக்கு உங்கள் தங்கை லூயிசா அநேக அநேக வந்தனம் சொல்லி எழுதுவது. நாங்கள் சுகம். இன்றைக்கு இந்த வார்த்தையை நெஞ்சாரச் சொல்கிறேன்.

நேற்று பகல் முழுக்கத் துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடியும் துவைத்தேன். சாயங்கால ரயில் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டேன். தசரதன் தனியாகத் திரும்பி வருவதைப் பார்க்க வேண்டாம் என்றுதான். வெளியே பார்வதம்மா போட்ட கூச்சலில் திறந்தேன். “வந்துட்டாண்டி டீச்சரம்மா, வந்துட்டான்!” இதுவரை அவள் என்னை ‘டி’ போட்டுக் கூப்பிட்டதில்லை. எதிரே பையன் காகிதத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறான். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காகிதத்தை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் பிரித்தேன்.

நீங்கள் இரண்டு பேரும் பேசியதை நான் கேட்கவில்லை. கேட்கிறதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். இன்றைக்குக் காலையில் ஆராதனைக்குப் புறப்படும்போது, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே அவனாகச் சொன்னான்.

“அத்தை, அம்மா கடைசி வரைக்கும் என்னைத்தான் கேட்டாங்களாம். பள்ளிக்கூடம் விட்டாச்சா, விட்டாச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம்.”

அப்படியா கண்ணு என்றேன்.

“அப்பாதான் அழுதுக்கிட்டே சொன்னாங்க” என்றான். அதற்குள் வெளியே கோவிந்தன் குரல் கேட்டது. கடைசிப் பித்தானைப் போடாமலே ஓடிவிட்டான். ஆராதனைக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் நான் கூப்பிடவில்லை.

உங்கள்
லூயிசா